பொறிகளின் பொருத்தம் அறிந்தவர்: ஜி.டி. நாயுடு

நுழையும்முன்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பட்டறைகளில் இன்று மிதிவண்டிக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் மின்மோட்டார் பூட்டுகிறார்கள். மோட்டாரின் தகட்டில் 48 வோல்ட், நிமிடத்திற்கு 3000 சுற்று என்று எழுதியிருக்கும். மின்கல அடுக்கின் மேல் வேறோர் எண் இருக்கும். இரண்டு எண்களும் இணங்கினால் வண்டி ஓடும். இணங்காவிட்டால் கம்பிச்சுருள் கருகும், அல்லது வண்டி மேட்டில் ஏறாமல் நிற்கும். மோட்டாரையும் அதற்கு உயிர்தரும் மின்சாரத்தையும் பொருத்திப் பார்க்கும் இக்கலையைத் தமிழ்நாட்டில் முன்னோடியாகச் செய்துகாட்டியவர் ஒருவர். அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர்.

களங்கல் சிறுவன்

கோயம்புத்தூரை அடுத்த களங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. தந்தையின் நிலத்தில் வேலை செய்தார். அக்காலத்தில் ஒரு சிற்றூர் இளைஞனின் வாழ்க்கை அத்துடன் முடிவாகிவிடுவதே வழக்கம்.

அவ்வழக்கத்தை மாற்றியது ஒரு வண்டி. பிரித்தானிய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் 1912ஆம் ஆண்டு உருவான ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் பொறியை அந்த இளைஞர் அதற்குமுன் கண்டதில்லை. அதை வியந்து பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பர். இவரோ அதை வாங்க வேண்டும் என்று முடிவு செய்தார். கையில் பணமில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று உணவகமொன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். இறுதியில் அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் முதலில் ஓட்டிப் பெருமைகொள்வார் என்றுதான் நாம் நினைப்போம். அவர் அதைத் திருகாணி திருகாணியாகப் பிரித்தார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது, எதனோடு இணைகிறது என்று பார்த்துப் பார்த்து மீண்டும் பூட்டினார். பொறியியலில் அவருக்குக் கிடைத்த முதல் பாடநூல் அதுதான். ஓர் உறுப்பின் சிறப்பு அவ்வுறுப்பில் மட்டும் இல்லை, அதனுடன் பூட்டப்படும் மற்றோர் உறுப்போடு அது கொள்ளும் இணக்கத்திலும் இருக்கிறது என்பதை அவர் அங்கே கற்றிருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றிலும் இந்த அறிவு தெரிகிறது.

பருத்தி வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய்ச் சந்தையில் அதை இழந்தார் என்பர். 1920ஆம் ஆண்டு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியிலிருந்து வளர்ந்ததே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நாட்டின் சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. அதன் கதை தனியே எழுதத்தக்கது. நாம் மோட்டாருக்குச் செல்வோம்.

பைக்காரா தந்த மின்சாரம்

1932ஆம் ஆண்டு நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையில் விழுந்த நீர் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு மின்சாரமாக வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆழக்கிணறுகளை நம்பியிருந்த உழவர்கள் கமலையை விட்டு மின்பம்புக்கு மாற விரும்பினர். மின்சாரம் உள்ளூரில் பிறந்தது. அதை ஏற்றுச் சுழலும் மோட்டாரோ கப்பலில் வந்தது. விலை மிகுதி, பழுதானால் உதிரி உறுப்புக்கும் கடல்கடந்து காத்திருக்க வேண்டும்.

ஆலைக்கும் கிணற்றுக்கும் வேண்டியவை மாறுமின்னோட்டத்தில் இயங்கும் மோட்டார்கள். இவ்வகை மோட்டாரின் வேகத்தை முதன்மையாக முடிவு செய்வது மின்னோட்டத்தின் அதிர்வெண். ஒரு நொடிக்கு 50 முறை திசை சுழலும் மின்சாரத்தில், நான்கு காந்த முனைகளைக் கொண்ட மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்திற்கு 1500 முறை சுழலும். உள்ளிருக்கும் சுழலி சற்றே பின்தங்கி, சுமையோடு ஏறத்தாழ 1440 சுற்று ஓடும். நொடிக்கு 60 முறை மாறும் மின்சாரத்துக்கென உருவான மோட்டாரை இங்கே பூட்டினால் அதன் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். வேகம் ஆறில் ஐந்து பங்குதானே என்று உழவர் பொறுத்துக்கொள்ள முடியாது. மையவிலக்குப் பம்பு நீரை ஏற்றும் உயரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 100 அடி ஏற்ற வேண்டிய பம்பு 70 அடிக்குள் நின்றுவிடும். மேலே உள்ள வாய்க்காலில் ஒரு துளி நீரும் விழாது. தகட்டில் உள்ள எண் எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

1937ஆம் ஆண்டு, நாயுடுவும் தி. பாலசுந்தரமும் இணைந்து பீளமேட்டில் இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தனர். இப்பெருமையை ஒருவருக்கு மட்டும் உரியதாக்குவது முறையன்று. பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தை நிறுவியவர். வெளிநாட்டுப் பொறியைப் பிரித்துப் பார்ப்பது ஒரு திறன். அதே பொறியை இங்குள்ள இரும்பையும் செம்புக்கம்பியையும் கொண்டு, இங்குள்ள வெப்பத்தைத் தாங்குமாறு செய்வது மற்றொரு திறன். சுருளில் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் காந்தப்புலம் மாறும். கம்பி மெலிந்தால் சூடேறும். தடித்தால் காடிக்குள் அடங்காது. கோயம்புத்தூர் இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் இந்தியா முழுவதும் பெயர்பெற்று விளங்குகிறது. அத்தொழிலின் தொடக்கப்புள்ளிகளுள் பீளமேட்டு மோட்டாரும் ஒன்று.

உலர் மின்கலத்தில் ஓடிய மழிப்பான்

பீளமேட்டு மோட்டார் ஆலைக்கும் கிணற்றுக்கும் உரியது. நாயுடுவின் பெயரைப் பிற நாடுகளில் பரப்பியதோ உள்ளங்கையில் அடங்கும் கருவி. முகம் மழிப்பதற்கு அவர் உருவாக்கிய ‘ரேசன்ட்’ என்னும் அக்கருவிக்குள் ஒரு சிறு மோட்டார் இருந்தது. அது உலர் மின்கலங்களால் இயங்கியது.

இன்றைய மாணவர்க்கு இது எளிதாகத் தோன்றலாம். அன்றைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் 1931இல் விற்பனைக்குக் கொணர்ந்த மின்மழிப்பான் வீட்டுச் சுவரிலிருந்து மின்சாரம் பெற்றது. உலக நகரங்களிலோ மின்னழுத்தம் ஒரே அளவில் இல்லை. ஓரிடத்தில் 110 வோல்ட், ஓரிடத்தில் 220 வோல்ட். சில இடங்களில் நேர்மின்னோட்டம், சில இடங்களில் மாறுமின்னோட்டம். நம் சிற்றூர்களிலோ மின்சாரமே இல்லை. உலர் மின்கலமோ எங்கு வாங்கினாலும் ஒன்றரை வோல்ட் தரும். சுவரை விட்டுவிட்டு மின்கலத்தைத் தேர்ந்ததிலேயே பாதி அறிவு இருக்கிறது என்று சொல்லலாம்.

மீதிப் பாதி மோட்டாரில் இருக்கிறது. மின்கலத்தில் ஓடும் நேர்மின்னோட்ட மோட்டாரின் இயல்பு கிணற்று மோட்டாரின் இயல்பிலிருந்து வேறுபட்டது. அதன் வேகத்தை முடிவு செய்வது மின்னழுத்தம். மோட்டார் சுழலும்போது அதன் சுருளிலேயே ஓர் எதிர் மின்னியக்கு விசை தோன்றி, மின்கலத்தின் அழுத்தத்தைத் தள்ளி நிற்கும். வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். எதிர்ப்பு, மின்கல அழுத்தத்தை ஏறக்குறைய எட்டும் இடத்தில் வேகம் நிலைபெறும். ஆகவே அழுத்தத்தை இருமடங்காக்கினால் சுமையற்ற வேகமும் ஏறத்தாழ இருமடங்காகும். ஒன்றரை வோல்ட்டில் கத்திக்கு வேண்டிய வேகம் கிட்ட வேண்டுமானால், அதற்கேற்பச் சுருளின் சுற்றுகளைக் குறைத்துக் கம்பியைத் தடிப்பாக்க வேண்டும். அவ்வாறு செய்தால் மின்னோட்டம் மிகும். மின்கலம் விரைவில் தீரும். வேகம், உழைக்கும் காலம், எடை என்னும் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். மழிப்பானைக் கையில் பிடிப்பவர் இந்த இழுபறியை உணர்வதில்லை. வடிவமைப்பவர் அதனோடுதான் நாள்தோறும் போராடுவார்.

மின்வண்டி செய்வோரின் சிக்கலும் இதுவே. அளவு மட்டும் பெரிது. வில்லியம் அயர்ட்டனும் ஜான் பெர்ரியும் 1882இல் இலண்டனில் ஒரு மின்சார மூன்று சக்கர வண்டியை ஓட்டினர். அரைக் குதிரைத்திறன் மோட்டார், பத்து ஈயமின்கலங்கள். வேகத்தைக் கூட்ட அவர்கள் செய்தது எளியது: மின்கலங்களை ஒவ்வொன்றாகச் சுற்றில் சேர்த்தனர். ஒரு கலம் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு வோல்ட் கூடும், வண்டியும் விரையும்.

அம்பத்தூர்க் கணக்கு ஒன்று

தொடக்கத்தில் பார்த்த பட்டறை மோட்டாருக்கு வருவோம். டி.ஐ. சைக்கிள்ஸ் மிதிவண்டி உருவாக்கிய ஊர் அம்பத்தூர் ஆதலின், மிதிவண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மோட்டார் 48 வோல்ட்டில் 3000 சுற்று என்றால், ஒரு வோல்ட்டுக்கு 62.5 சுற்று. அதை 36 வோல்ட் மின்கல அடுக்கில் பூட்டினால் வேகம் 2250 சுற்றுக்கு இறங்கும். வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதானே என்று எண்ணுபவர் உண்டு. மேட்டில் ஏற 1000 வாட் திறன் தேவை என்று வைத்துக்கொள்வோம். 48 வோல்ட்டில் அதற்கு ஏறத்தாழ 21 ஆம்பியர் போதும். 36 வோல்ட்டில் அதே திறனைப் பெற ஏறத்தாழ 28 ஆம்பியர் வேண்டும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்ததால், அது 1.8 மடங்கை நெருங்கும். அழுத்தம் குறைந்ததால் வெப்பம் கூடுகிறது என்பது முதலில் வியப்பாக இருக்கும். காப்புப்பூச்சு கருகிய சுருளின் மணத்தை அறிந்த பட்டறைத் தொழிலாளிக்கு இதில் வியப்பில்லை.

அழுத்தத்தைக் கூட்டினால் வேறு தொல்லை. லித்தியம் மின்கலங்கள் பதின்மூன்றைத் தொடராக இணைத்து ‘48 வோல்ட்’ என்று விற்பர். அவ்வடுக்கு முழுமையாக மின்னேற்றம் பெற்ற வேளையில் 54.6 வோல்ட் காட்டும். தீரும் நிலையில் 39 வோல்ட் அளவுக்கு இறங்கும். காலையில் துள்ளி ஓடிய வண்டி மாலையில் தளர்வதன் காரணம் இதுதான். பெயரளவு எண்ணை மட்டும் பார்த்து, 50 வோல்ட் மட்டுமே தாங்கும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பூட்டியவர், முழு மின்னேற்றத்துக்குப்பின் முதல் முறை சாவியைத் திருப்பும்போதே அதை இழக்க நேரிடும்.

சக்கரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரை மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் 1.57 மீட்டர் நகரும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 265 முறை சுழன்றால் போதும். மோட்டாரின் 3000 சுற்றை 265 ஆக்க, பற்சக்கரங்கள் ஏறத்தாழ பதினொன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இந்தியச் சட்டம் 250 வாட் திறனுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்வண்டிகளுக்கே ஓட்டுநர் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது என்பதையும் பட்டறையினர் மறப்பதில்லை.

இதே கணக்கின் சிறிய உருவத்தையே நாயுடுவின் மழிப்பானும் கேட்டது. பெரிய பொறியைச் சிறிதாக்கினால் போதும் என்பது உண்மையன்று. சிறிய பொறி தனக்குரிய பொருத்தத்தைப் புதிதாகக் கேட்கும்.

விலையும் உரிமமும்

நாயுடுவின் கைகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. மிக மெல்லிய மழிப்புத் தகடு, ஒளிப்படக் கருவிக்குத் தொலைவு சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி போன்ற காற்றாடி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுப் பொறி என்று அவர் செய்தவை பல. 1941ஆம் ஆண்டு, ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்துதர முடியும் என்று அறிவித்தார். இவற்றுள் எல்லாம் ஒரே தரத்தன என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் அவர் இரண்டு கேள்விகளைக் கேட்டார் என்பது தெளிவு: இங்கு கிடைக்கும் ஆற்றலில் இது ஓடுமா? இங்குள்ள மனிதர் கொடுக்கக்கூடிய விலைக்குள் இது அடங்குமா?

இரண்டாம் கேள்விக்கு அவர் தந்த துணிவான விடை, 1952இல் வெளிவந்த இருவர் அமரும் சிறிய பெட்ரோல் மகிழுந்து. விலை 2000 ரூபாய். அரசு அதற்குரிய உரிமத்தை வழங்கவில்லை, உற்பத்தி நின்றுபோனது. எந்தத் தொழிலை யார் செய்யலாம் என்பதை அரசே வரையறுத்த காலம் அது. கிட்டும் மூலப்பொருளையும் அந்நியச் செலாவணியையும் பகிர்ந்தளிக்க வேண்டிய நெருக்கடி அரசுக்கு இருந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயினும் சாலையில் ஓட வேண்டிய ஒரு வண்டி கோப்பில் நின்றுபோனது இழப்பே. மோட்டாரின் தகட்டையும் மின்கலத்தையும் பொருத்தத் தெரிந்தவருக்கு, தம் பொறியையும் தம் காலத்துச் சட்டத்தையும் பொருத்த வழி கிடைக்கவில்லை.

நான்கு ஆண்டா, இரண்டு ஆண்டா?

1944ஆம் ஆண்டு நாயுடு தம் போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலத்திட்டங்கள் எனப் பல அறக்கொடைகளை அறிவித்தார். அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோயம்புத்தூரில் ஒரு பல்தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. அக்கல்லூரியே இன்று கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. பள்ளிப் படிப்பை விட்டு ஓடிய சிறுவர் 1945இல் அங்கே முதல்வரானார்.

முதல்வராக அவர் நீண்டநாள் இருக்கவில்லை. பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வீண், இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. கருவியைக் கையில் எடுத்துப் பிரித்துக் கற்பவனுக்கு நூலில் செலவாகும் காலம் மிச்சமாகும் என்று அவர் நம்பினார். அரசு இணங்கவில்லை, அவர் பதவியைத் துறந்தார். இதில் யார் பக்கம் நியாயம்? மேலே கண்ட வெப்பக் கணக்கைப் பட்டறையில் மட்டுமே கற்றவர் பல சுருள்களைக் கருக்கிய பிறகே அறிவார். நூலில் மட்டுமே கற்றவர் கருகிய சுருளின் மணத்தை அறியார். கால அளவைப் பற்றிய அவர் முடிவை எல்லாரும் ஏற்பது கடினம். செய்முறையைக் கல்வியின் ஓரத்துக்குத் தள்ளியதைப் பற்றி அவர் கொண்ட சினமோ இன்றும் பொருளுடையது. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் மோட்டாரைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

பிற்காலம்

பிற்காலத்தில் பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களில் புதுவகைகளை உருவாக்க முயன்றார். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன் அவரைப் பெரிதும் மதித்துப் போற்றினார். ஒளிப்படம் எடுப்பதில் அவருக்கு இருந்த ஆர்வத்தால், காந்தியடிகள், நேரு, சுபாஷ் சந்திரபோஸ் ஆகியோர் அவருடைய படச்சுருளில் இடம்பெற்றனர். 1967ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் அவர் பெயரால் தொழிற்கண்காட்சி நிறுவப்பட்டது. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், 2008இல், அதே கோயம்புத்தூரில் ஆம்பியர் என்னும் மின்வண்டி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் வண்டிகள் இப்போது இராணிப்பேட்டையில் உருவாகின்றன. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்குத் தமிழ்நாடு அரசு ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியது. மின்கலத்தில் ஓடும் வண்டிகளும் அதன்மீது செல்கின்றன.